பூட்டிய சட்டை

கரவெட்டிப் பிள்ளையார் கோயிலில் அன்று தேர். வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வாகீசன் மட்டும் தெருவோர வேப்பமரத்தடியில் நின்றார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பூட்டியிருந்தது. அவர் போட்டியிடும் பிரதேச சபைத் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். எதிரணி வேட்பாளர் பட்டுவேட்டியும் சந்தனமுமாக மூலஸ்தானத்துக்கு நேரே நின்று கும்பிடும் படம் விடியவே முகநூலுக்கு வந்துவிட்டது. சாமிக்கு முன்னாலும் சட்டை கழற்றாத ஆளுக்கா வாக்கு என்று அதன்கீழே எழுதியிருந்தார்கள்.

வாகீசனின் சுவரொட்டியும் முகநூலும் கோபிகாவின் பொறுப்பு. சட்டையின் காரணம் அவளுக்கே போன கிழமைதான் தெரியும். மழையில் நனைந்து வந்தவர் கட்சி அலுவலகப் பின்னறையில் சட்டை மாற்றும்போது, துண்டுப்பிரசுரம் எடுக்கப் போனவள் தட்டாமல் கதவைத் திறந்துவிட்டாள். முதுகில் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தடித்த கோடுகள், நடுவே சூடு வைத்த வட்டங்கள். அவர் இராணுவத் தடுப்பு முகாமில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். இது தெரியாது. அவளுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, தேர்தல் யோசனை.

"அண்ணை, ஒரேயொரு படம். இந்தமுறை வெண்டிடுவம்."

அவர் பொத்தானைப் பூட்டி முடித்த பிறகுதான் கதைத்தார். "என்னோடை அங்கை ஏழு பேர் இருந்தவை, பிள்ளை. இதே அடிதான். நான் மட்டும்தான் வெளியாலை வந்தனான். அதைக் காட்டிச் சபைக் கதிரை கேக்கிறதோ?"

விசர் மனுசன் என்று அன்று முழுக்க மனதுக்குள் திட்டினாள். இரண்டு முறை தோற்றவர். இதிலும் தோற்றால் கட்சி அவரைக் கைவிட்டுவிடும். ஆனால் அவள் படம் பிடித்த மற்றத் தலைவர்கள் தோட்டத்துக்குச் சாரம், கோயிலுக்குப் பட்டு, கொழும்புக்குக் கோட் என்று உடை மாற்றுவார்கள். இந்த மனுசனுக்கு எங்கே போனாலும் ஒரே சட்டை. அன்றைக்குப் பிறகு அவரைப் படம் பிடிக்கும்போது அவள் தன்னை அறியாமலே நிமிர்ந்து நின்றாள்.

தேர் தெருவுக்கு வந்தது. எதிரணி ஆதரவாளன் செந்தூரன் தேர்வடத்தை விட்டுவிட்டு, வெறும் மேலோடு வந்தான். "என்ன அண்ணை, கஞ்சி போட்ட சட்டை கசங்கிப்போமெண்டு பயமோ?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வாகீசனோடு வந்திருந்த கோபிகா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாகீசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

"நான் இங்கை நிண்டே கும்பிடுறன் தம்பி," என்றார் அவர். "பிள்ளையார்தானே தெருவுக்கு வாறார்."

தேர் கிட்ட வர, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். வெயிலில் வியர்த்து நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியது. வெள்ளைத் துணிக்குள்ளால் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. செந்தூரன் கைபேசியைத் தூக்கியபடி அவருடைய பின்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கோபிகாவின் கையிலும் கைபேசி இருந்தது. அவள் அதைப் பைக்குள் போட்டாள். வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை விரித்து, அவருடைய முதுகை மறைத்துச் சாய்த்துப் பிடித்தாள்.

தேர்ச்சில்லு அவர்களைத் தாண்டி உருண்டது. கறுப்புக் குடைக்கு மேலே, கூப்பிய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.