இடப்பக்கம் சாய்ந்த கார்

கஸ்தூரியம்மாளின் கருமாதிக்கு வந்த சனம் பந்தியில் உட்காரும் முன்பே அதைப் பார்த்துவிட்டது. ஊரெல்லாம் அம்பாசிடர் வாங்கிய பிறகும் ஒச்சாண்டி விடாமல் வைத்திருந்த பழைய கறுப்பு பிளஷர் கார், பந்திக்காகக் கார் கொட்டகையை ஒழித்ததில் வீட்டு வாசலுக்கு வந்து, இடப்பக்கம் நாலு விரல் தணிந்து நின்றது.

"நொண்டி மாடு மாதிரி நிக்குதே மாமா!" என்று மச்சினன் ஒருத்தன் சிரித்தான்.

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. தேனியில் ஏலக்காய் வியாபாரம். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். யாரையும் நம்பத் தெரியாது. பொண்டாட்டி செத்து, தான் அசந்திருந்த நேரத்தில் டிரைவர் ராக்கையா வண்டியின் கனத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் இடப்பக்கத்து ஒன்றைக் கழற்றி விற்றுவிட்டான் என்று அங்கேயே முடிவு கட்டினார்.

"ஏலே ராக்கையா, இங்கன வாலே. பட்டையில கை வச்சியா?"

"நான் எதையும் திருடல மொதலாளி."

"அதக் கேக்கல. பட்டையில கையே வைக்கலன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா நீ யோக்கியன்."

தெருமுக்குக் கருப்பசாமி முன்னால் சூடம் எரிந்தது. பொய்ச் சத்தியம் செய்து அதை அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராக்கையா கையை நீட்டினான். நெருப்புக்கு மேலே அது அப்படியே நின்றது. பிறகு மடக்கிக்கொண்டான். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

"பாத்துக்கிட்டீகளா?" என்றார் ஒச்சாண்டி, சனத்தைப் பார்த்து.

இருபது வருஷம் ஓட்டியவன் சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டுச் சொந்த ஊரான கடமலைக்குண்டுக்கு பஸ் ஏறினான்.

மறு வாரம் வண்டி ஜேசுராஜின் பட்டறைக்குப் போனது. அந்த ஆளையும் நம்பாமல் ஒச்சாண்டி பக்கத்திலேயே குத்தவைத்தார். ஜேசுராஜ் டயரில் காற்றைப் பார்த்தார், சமதரையில் நிறுத்தி அளந்தார், அடியில் போய்ப் படுத்தவர் வெகுநேரம் வரவில்லை.

"ஐயா, இடப்பக்கம் ஒரு குறையும் இல்ல. வலப்பக்கந்தான் தூக்கிக்கிட்டு நிக்குது. அங்கன ஒரு பட்டை கூடுதலாச் சொருகியிருக்காக."

"புளுகாத. எவன் சொருகுவான்?"

"நீங்களே குனிஞ்சு பாருங்க. துருப்பிடிச்சிருக்கு, பல வருஷத்துக்கு முந்தின வேலை. பின்சீட்டுல வலப்பக்கமாக் கனத்த ஆள் யாரும் உக்காருவாகளா?"

ஒச்சாண்டியின் கண் பின்சீட்டுக்குப் போனது.

கஸ்தூரியம்மாள் கனத்த உடம்புக்காரி. டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவாள். ஒரு வீரபாண்டித் திருவிழாவில் அவள் ஏறியதும் வண்டி சாய, "ஆத்தா ஏறுனா அச்சு முறிஞ்சிரும்டோய்!" என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. ஒச்சாண்டியும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் பல மாதம் அவள் காரில் ஏறவேயில்லை. பிறகு ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்து, "இப்பப் பாருங்க, சாயுதா?" என்று பிள்ளை மாதிரி கேட்டாள். "டயருக்குக் காத்தடிச்சிருப்பான்" என்றார் அவர்.

கொட்டகையில் இடது சக்கரங்களுக்கு அடியில் ராக்கையா எப்போதும் ஏன் பலகை வைத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. வெறும் வண்டி சாய்வது யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டையில் கை வைத்தவன், வைக்கவில்லை என்று எப்படிச் சூடத்தை அணைப்பான்?

"அந்தப் பட்டையை எடுத்துரவா?" என்றார் ஜேசுராஜ்.

"தொடாத. வண்டிய எடு. கடமலைக்குண்டு போகணும்."

ராக்கையா கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடா?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா கேட்டுக்கிட்டாக. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னாக."

ஒச்சாண்டி சாவியை நீட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "இந்தா. வா" என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் வரவில்லை.

ராக்கையா வாங்கவில்லை. "அன்னிக்கு எம் பொண்டாட்டியும் அந்தச் சனத்துல நின்னா மொதலாளி" என்றான். பிறகு, "பட்டையை எடுத்துருங்க. இனிமே அது யாருக்கு?" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

ஒச்சாண்டி திரும்பி வந்து வலப்பக்கக் கதவைத் திறந்தார். அவள் உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒல்லி உடம்பு. ஜேசுராஜ் வெளியே நின்றபடி சக்கரங்களைப் பார்த்தார்.

"நிமிந்துச்சா?"

"இல்லைங்கய்யா."