மதிலில் இல்லாத சிவப்புத் துண்டு

"கொட்டுனா என்னங்க பண்றது?"

"ரெண்டு நாள் வீங்கும். நீ கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பியே, அந்த மாதிரி. அப்புறம் தானா வத்திரும்."

முதல் தேனீப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அவளும் கணவரும் பேசிக்கொண்டது இது. அன்றைக்கு அவளும் சிரித்தாள். போன மாதம் ஒரே ஒரு தேனீ காதில் கொட்டி, அவருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கியதோடு அந்தச் சிரிப்பு போயிற்று. பெட்டிப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லித்தான் டாக்டர் அவசர ஊசியைக் கொடுத்தார். "அதான் ஊசி இருக்கே" என்பதை மட்டும் இவர் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை விட்டுவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தன் கடிகாரக் கடையை மூடிய பிறகு சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரை எழுப்பி நடமாட விட்டவை அந்தத் தேனீக்கள். நாக்கு நுனிவரை வந்ததைத் தினமும் விழுங்கினாள்.

அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது என்பதில் அவர் கறார். தேனீக்கள் அடுத்த வீட்டுக் குழாயைத் தேடிப் போகாதபடி பெட்டியருகே தண்ணீர்த் தட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆசாரியோடு ஓர் ஏற்பாடும் உண்டு. மதில்மேல் சிவப்புத் துண்டு கிடந்தால் பெட்டி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மரம் அறுக்கும் மெஷினை ஆசாரி போடமாட்டார். அதிர்வுக்குத் தேனீக்கள் மிரளும்.

அன்று காலை சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். வலைத்தொப்பி, கையுறை, புகை போடும் டப்பா, எல்லாம் சரி. பெட்டியின் மூடியைத் தூக்கினார். அவள் மதிலைப் பார்த்தாள். வெறும் மதில். துண்டு அவர் தோளில் கிடந்தது. முகம் துடைத்துவிட்டு, கடையில் இருந்த நாள் பழக்கத்தில் அங்கேயே போட்டுக்கொண்டுவிட்டார்.

"என்னங்க, துண்டு..."

அதற்குள் மெஷின் அலறியது.

தேனீக்கள் கரும்புகை போல எழும்பின. அவர் ஓடவில்லை. தெருப் பக்கம் பறந்துவிடுமே என்று மூடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்கத் தேனீ.

உள்ளே வந்தவர், "ஒண்ணுமில்ல" என்றார். குரல் கரகரத்தது. உதடு தடித்துக்கொண்டே போனது. அவள் ஊசியை அவர் தொடையில் அழுத்தினாள். ஆசாரி வேனை எடுத்தார். "பேசிக்கிட்டே வாங்கண்ணே, ஏதாவது பேசுங்க" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். அவருக்கு மூச்சுதான் இரைத்தது. அந்த மூச்சின் ஒவ்வொரு இழுப்பும் அவள் நெஞ்சில் இழுத்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாலையில்தான் அவர் கண் தெளிந்தது.

"ரொம்ப வீங்கிருக்கா?"

"உங்க மூஞ்சி மாதிரியே இல்ல."

"அப்ப அழகாத்தான் இருக்கும்." லேசாகச் சிரித்து இருமினார். "பாவம், மிரண்டு போயிருக்கும். நாளைக்குப் போய் ஒரு தடவை..."

அவள் அவர் கையைப் பிடித்தாள். தன் குரல் இத்தனை சின்னதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"வேணாங்க. அந்தப் பெட்டிய யாருக்காவது குடுத்திடுங்க."