திருடன் மாட்டிய மதியம்

போன வருஷம் எவனோ கராஜ் பூட்டை உடைத்து மெஷின்களை வழித்துத் துடைத்துக்கொண்டு போனதிலிருந்து ஏசி மெக்கானிக்குக்கு நல்ல தூக்கம் கிடையாது. மறுபடி மெஷின் வாங்கும்வரை மனைவி ஊராருக்குத் துணி தைத்துத்தான் அடுப்பு எரிந்தது.

புது மெஷின்கள் வந்ததும் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும் கதவைச் செங்கல் வைத்து அடைத்தான். ஷட்டர் தானாக இறங்கும்படி செய்து, உள்பக்கம் இரும்புத் தகடும் அடித்தான். கரண்ட் போனால் இழுத்துத் திறக்க உள்ளே ஒரு கயிறு தொங்கும். திருடன் இடுக்கில் கம்பி விட்டு அதை இழுத்துவிடுவான் என்று யாரோ கொளுத்திப் போட, கயிற்றையும் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டான். கருவிகள் இரும்புப் பெட்டியில், சாவி அவன் இடுப்பில். போதாததற்கு பேட்டரியில் ஓடும், சிம் வழியாகப் போனில் பார்க்கும் மலிவான கேமரா. இவன் பேசினால் உள்ளே கேட்கும், உள்ளே பேசினால் இவனுக்குக் கேட்காது.

"திருடன்கிட்ட நான் என்ன குசலமா விசாரிக்கப் போறேன்?" என்றான். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மதியம் யார் வீட்டு மாடியிலோ வேலையாக இருந்தபோது போன் கத்தியது. திரையில் கும்மிருட்டு. அதற்குள் ஓர் உருவம் அசைந்தது. அவனுக்கு ஒரே குஷி. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போலீஸ்காரரைக் கூப்பிட்டான்.

"சார், திருடன் கராஜுக்குள்ள மாட்டிக்கிட்டான். திறந்துடாதீங்க!"

"எங்கப்பா திறக்கிறது? கரண்டே இல்ல. டமடமன்னு தட்டுறான், தகட்டுக்குப் பின்னால என்ன கத்துறான்னே புரியல."

"தட்டட்டும் சார்!"

கேமராவின் பேசும் பொத்தானை அழுத்தினான். "டேய், என் பொழப்புலயா கை வைக்கிறே? உள்ளேயே கிடந்து வெந்து சாவுடா!" வழியில் சிக்னலுக்குச் சிக்னல் வண்டியை நிறுத்தித் திட்டினான். வாழ்நாளில் அவன் இவ்வளவு தாராளமாகப் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்தபோது போலீஸ்காரர் தடியோடு ஷட்டர் முன் நின்றார். "இப்ப சத்தத்தையே காணோம்பா," என்றார்.

வாசல் கதவு திறந்து கிடந்தது. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை, பக்கத்தில் மனைவியின் போன். அவளைக் காணோம். வெட்டிய துணி மூட்டைகளை அவள் கராஜில்தான் வைப்பாள். அவன் ஷட்டருக்கு ஓடினான்.

"சார், உள்ளே இருக்கிறது அவ சார்!"

போலீஸ்காரர் கடப்பாரை கொண்டுவந்தார். அவனே அடித்த தகடு அவனுக்கே வளைந்து கொடுக்கவில்லை. அழுதுகொண்டே நெம்பினான். கடைசியில் ஷட்டர் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டது.

இரும்புப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தாள், விரல்களில் கம்பி கிழித்த ரத்தம். உயிரோடு இருந்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த அதே நொடியில் அவன் கண் அவளைத் தாண்டி மெஷின்கள் பக்கம் ஓடிவிட்டுத் திரும்பியது.

அதை அவள் பார்த்துவிட்டாள்.

அவன் நீட்டிய கையை விட்டுவிட்டு, போலீஸ்காரரின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"எல்லாம் இருக்கு, நல்லா பார்த்துக்குங்க," என்றாள். "திருடன் எதையும் தொடல."