மணப்பெண்ணாக ஆடியது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் யாரும் அன்றைக்கு அந்த அரங்கில் இருந்தவர்கள் இல்லை.

நான் பாலே ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்பே அதுதான். பிறந்து வளர்ந்தது ஷார்ஜா ரோலாவில். ஆறு வயதில் வகுப்பில் சேர்ந்தேன், பதினேழு வயதில் ஐரோப்பாவில் ஒரு பள்ளிக்குப் போனேன், கடந்த ஆறு வருடமாக ஒரு கம்பெனியோடு ஊர் ஊராகப் போய் ஆடுகிறேன். "பரதம் கத்துக்கிட்டிருக்கலாமே" என்று கேட்காத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

பாலேவில் நடுவில் நின்று ஆடுகிறவர்கள் சிலர், கூட்டமாக ஆடுகிறவர்கள் பலர். நான் கூட்டம். இப்போது நாங்கள் ஆடும் கதையில் ஒரு மணப்பெண் ஆற்றில் மூழ்கிப்போகிறாள். அவளைச் சுற்றி எழும் பனியாக இருபது பெண்கள் வருகிறோம். கையின் உயரம், கழுத்தின் சாய்வு எல்லாம் இருபது பேருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். யாராவது தனியாகத் தெரிந்தால் திட்டு விழும். யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காக ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் உழைக்கிற வேலை இது. எல்லோர் மேலும் வெள்ளைப் பவுடர் வேறு அடிப்பார்கள்.

இப்படி ஆடினால் பெற்ற அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் நான் நிற்கும் இடத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். "ரெண்டாவது வரிசை, இடமிருந்து நாலு." ஷோ வீடியோ கைக்கு வந்ததும் அம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் அம்மா சுசீலாவின் கணக்கில் எல்லா பாலே கதைகளுக்கும் நான்தான் நாயகி.

இந்த மார்ச் மாதம் கம்பெனி அபுதாபிக்கு வந்தது. என் ஆட்டத்தை அம்மாவும் அப்பாவும் நேரில் பார்க்கப்போகிற முதல் தடவை. அப்பா முரளிதரன் ஷார்ஜாவில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறவர். கட்டட வாட்ச்மேனிடம்கூடக் குரலை உயர்த்தாதவர். அவர் ஒரு மினி பஸ் பிடித்து, எங்கள் கட்டடத்துக்காரர்கள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை மூன்று மணி ஷோவுக்கு வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே என் இடத்தை அனுப்பிவிட்டேன். பதினான்கு பேருக்கும் அம்மா அதை ஃபார்வர்ட் செய்தாள்.

சனிக்கிழமை காலை ஒத்திகையில் எலோடிக்குக் கால் சுளுக்கியது. மணப்பெண்ணாக ஆடுகிறவள் அவள்தான். அவளுக்கு மாற்று ஆள் நான். ஒத்திகை அறையின் கடைசியில் நின்று, அவள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருடமாக அந்தப் பாத்திரத்தைக் கற்றிருந்தேன். ஒத்திகை மாஸ்டர் மார்செல் திரும்பி, விரலை என் பக்கம் நீட்டினார். அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. எலோடி வலியில் முனகிக்கொண்டிருக்கும்போதே வந்த சந்தோஷம் அது.

அது பத்து நிமிடம் நீடித்தது. அப்புறம் ரகுநாதன் வந்தார்.

அபுதாபியில் எங்கள் ஷோவை நடத்துகிறவர் அவர். சென்னைக்காரர், மரியாதையாகப் பேசுவார். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பாத்திரம் கை மாறினால், "இன்று இந்தப் பாத்திரத்தில் ஆடுபவர் இன்னார்" என்று ஒரு சின்னச் சீட்டை அச்சடித்து நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். திரை விலகும் முன் மைக்கிலும் சொல்வார்கள். என் முதல் சீட்டில் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லத்தான் அவரிடம் போனேன்.

"சீட்டு வேணாம்மா," என்றார். "தப்பா எடுத்துக்காத. முசஃபா பாலத்துல இருந்து ஊர் ஃபுல்லா எலோடி போஸ்டர்தான். ஸ்பான்சர் குடும்பத்தோட வர்றார். நல்லா வெள்ளை பூசி, விக் வெச்சு, மேல வலையும் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்ப ஆடுறது யாருன்னு சொல்லவே மாட்டீங்களா சார்?"

"ஆடுறது நீதானே. பேருதான் அவங்களோடது. சான்ஸ் கிடைச்சுதா இல்லையா, அதப் பாரு."

"நான் ஆடுனா பிரச்சினை இல்ல, ரக்ஷிதா ஆடுனாதான் பிரச்சினையா?"

"என் பொண்ணும் பாலே கிளாஸ் போறாம்மா. எனக்குப் புரியாதா? ஆனா நம்ம ஆளுங்களே வெள்ளைக்காரியப் பாக்கத்தான் டிக்கெட் வாங்குறாங்க. கலாஸ், இதோட விட்டுடு."

மார்செலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கம்பெனிக்காக இந்த ஒரு தடவை, என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். விஷயம் வெளியே கசியக் கூடாது என்று பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கி வைத்தார்கள். அம்மாவுக்கு ஒரு வரி மட்டும் அனுப்பிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். ஒரு வரி போதும், ரோலா முழுக்கப் பரவிவிடும் என்றார் ரகுநாதன்.

நான் சம்மதித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் என் கோபத்துக்கு நேர்மை இருக்காது. எனக்கு அந்தப் பாத்திரம் வேண்டியிருந்தது. ஊருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், எத்தனை வெள்ளை பூசினாலும் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்று நினைத்தேன். கூட்டத்தில் இத்தனை வருடம் என்னைக் கண்டுபிடித்த கண்தானே என்று நினைத்தேன். அந்தக் கண்ணுக்கு இத்தனை வருடமாக இடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஈரப் பஞ்சால் வெள்ளையைப் பூசினார்கள். வழக்கமான பவுடர் இல்லை, சுவருக்கு அடிப்பதுபோல இரண்டு பூச்சு. காது மடல், முதுகு, விரல் இடுக்கு ஒன்றையும் விடவில்லை. பொன்னிற விக் வைத்து, முகத்தின் மேல் வலையை இறக்கினார்கள். கண்ணாடியில் எலோடி நின்றாள். அவளுக்குச் சுளுக்குகூட இல்லை.

ஆனால் ஆடினேன். இசை தொடங்கியதும் வெள்ளையும் வலையும் மறந்துபோயின. முதல் பாதி நாற்பது நிமிடம். அதன் முடிவில் மணப்பெண் ஒற்றைக் கால் நுனியில், யார் கையையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். எலோடி நான்கு எண்ணும் வரை நிற்பாள். நான் ஏழு வரை நின்றேன். ஒத்திகையில்கூட அப்படி நின்றதில்லை. கைதட்டல் எழுந்தபோது, இதில் அம்மாவின் கையும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் அறை வாசலுக்கு ஹஸ்னைன் வந்தார். பின்வாசல் செக்யூரிட்டி, பாகிஸ்தான்காரர். ஆங்கிலம் அதிகம் வராததால், தயங்கித் தயங்கி இந்தியிலேயே என்னைக் கேட்டார்.

"மேடம், சாரி. ரக்ஷிதா கஹான் ஹை, ஆப்கோ மாலூம்? உஸ்கி மம்மி பாஹர் ரோ ரஹி ஹை."

மகள் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நிற்கிறாள், என் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு அம்மா பின்வாசலில் நின்று அழுகிறாளாம். ஹஸ்னைன் நல்ல மனிதர், கையிலிருந்த ஆட்கள் பட்டியலை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். பனிப் பெண்கள் வரிசையில் என் பெயரை அடித்துவிட்டு, மற்ற பத்தொன்பது பேரை நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். மணப்பெண்ணுக்கு நேராக எலோடி என்றே இருந்தது.

"லிஸ்ட் தேக்கா. ரக்ஷிதா மாஃபி," என்றார். பட்டியலில் அப்படி யாரும் இல்லையாம்.

"நான்தான் ரக்ஷிதா," என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். "நோ மேடம். ரக்ஷிதா இந்தியன்."

பின்வாசலை நோக்கி ஓடினேன். நடைபாதையில் ரகுநாதன் குறுக்கே நின்றார்.

"எங்க போற? பதிமூணு நிமிஷம்தான் இருக்கு, யல்லா, சீக்கிரம். உங்கம்மாகிட்ட நானே பேசி உள்ள அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"ரக்ஷிதாவுக்குக் கால் சுளுக்கிடுச்சு, ரூம்ல ரெஸ்ட் எடுக்குறா, நீங்க கவலைப்படாம ஷோ பாருங்கம்மான்னேன்."

எலோடியின் பெயரை எனக்கு மாட்டியது போதாதென்று, அவளுடைய சுளுக்கையும் எனக்கே மாட்டிவிட்டார்கள். ஏழு எண்ணும் வரை என்னைத் தாங்கி நின்ற கால் அது. அது சுளுக்கிக் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டு, பாதி அழுகையோடு என் அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். அவளை அழவைத்துவிட்டு, கவலைப்படாமல் என் ஆட்டத்தையே பார்க்கச் சொல்லியிருக்கிறார் இந்த மனுஷன். அவரைத் திட்டுவதற்கு நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் நேரம்தான் வீணாகியிருக்கும்.

கழுவுதொட்டிக்குப் போனேன். வலையையும் விக்கையும் கழற்றினேன். கிரீமைக் கை நிறைய எடுத்து முகம், கழுத்து, தோள், கை எல்லாம் தேய்த்து, ஈரத் துண்டால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஆறு துண்டுகள் வெள்ளையாயின. உடையின் தோள்பட்டையில் திட்டுத் திட்டாகக் கறை. அடியிலிருந்து என் நிறம் வந்தது. மார்செல் ஓடி வந்து, வேண்டாம், இப்படிப் போகாதே என்றார். அதற்குள் இசை தொடங்கிவிட்டது. அவர்களிடம் வேறு மணப்பெண் இல்லை.

மாநிறக் கைகளோடு, என் கறுப்புக் கொண்டையோடு மேடைக்குள் போனேன். எங்கேயோ நடு வரிசையிலிருந்து, பாலே அரங்கில் யாரும் எழுப்பக் கூடாத சத்தத்தில் ஒரு குரல் வந்தது.

"ஏங்க! நம்ம ரக்ஷிங்க! நடுவுல நிக்கிறது நம்ம ரக்ஷிங்க!"

உஸ், உஸ் என்று பல பேர் அடக்கினார்கள். நான் ஆடினேன். பிரமாதமாக ஆடினேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். மேலெல்லாம் கிரீம் மிச்சம் இருந்ததால் ஜோடி ஆட்டக்காரனின் கை என் இடுப்பில் வழுக்கியது. இரண்டு முறை தடுமாறினேன். பயத்தில் அவன் முகம் வெளிறிப்போனது. ஆனால் ஆடி முடித்தேன்.

கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று வணங்கும் நேரம். முன்பே பதிவு செய்து வைத்திருந்த குரல் ஸ்பீக்கரில் ஒலித்தது. "மணப்பெண்ணாக, எலோடி!" நான் குனியவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்து இழுத்தான். பின்னால் பத்தொன்பது பெண்களும் குனிந்திருக்க, நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். வேறொருத்திக்குச் சேர வேண்டிய கைதட்டலை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. என்னுடையதை யாரும் அறிவிக்கவும் இல்லை. திரை அவசரமாக இறங்கியது.

உடை மாற்றுவதற்கு முன்பே மார்செல் சொல்லிவிட்டார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள், அடுத்த ஊருக்கு நான் வர வேண்டாம். தெரிந்து செய்ததுதான், அதற்கு அழவில்லை. மறுநாள் ஒரு இணையதளத்தில், இரண்டாம் பாதியில் எலோடி கறுப்புக் கூந்தலோடு தோன்றியது துணிச்சலான கற்பனை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது.

சிரிப்பு வராத இடம் பின்வாசல். நான் வெளியே வந்தபோது பதினான்கு பேரும் மினி பஸ் அருகே நின்றார்கள். அப்பா நேராக ரகுநாதனிடம் போனார். "சுளுக்குன்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டார். ரகுநாதன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். "உங்களத்தான் சார் கேக்குறேன், எம் பொண்ணுக்கு எந்தக் கால்ல சுளுக்கு?" என்று அப்பா கத்தினார். இருபத்தாறு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அம்மா என் கால் இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முகத்தைக் கையில் ஏந்தினாள். என் காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது போல. முந்தானையால் துடைத்தாள், துடைத்ததைப் பார்த்தாள்.

"மொதப் பாதியிலயும் நீதானாடி?"

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நின்னாளாமே, அப்ப எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. நான் தட்டலடி. எம்புள்ளயக் காணோமேன்னு பின்னாடி வரிசையையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒருதடவகூட அவளப் பாக்கல." அம்மா மூக்கை உறிஞ்சினாள். என் தோளில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

"மறுபடி எப்ப ஆடுவ? இந்தத் தடவ ஒன்னையவே பாக்குறேன்," என்றாள்.