பெரியவன் சொல்லாத சேதி

பெரியவன் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தான். போகப்போவதோ அவன் ஒருவன். போனில் பதிவு செய்யும்போது விரல் பழக்கத்தில் இரண்டு என்று அழுத்திவிட்டது. சொந்த ஊர்ப் பாட்டுக்குழுவின் கச்சேரிக்கு அவன் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. அண்ணன் தம்பி இருவரையும் பெரியவன், சின்னவன் என்று வீட்டில் அழைத்த பேர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டு, ஒருவனைப் பார்த்தால் இன்னொருவன் எங்கே என்று கேட்பது வழக்கமாகியிருந்தது.

சின்னவன் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. இதை நான் சொல்கிறேன். பெரியவன் சொல்லமாட்டான்.

கடல் தாண்டி வந்த நாட்டில், ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் கோணாமல் விடவேண்டும். எதிர்முனை பிடிக்கும் கூட்டாளிக்கு வாய் சும்மா இருக்காது. "உன் தம்பி எப்படி இருக்கான்?" என்று வாரம் ஒருதரமாவது கேட்பான். "அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான்" என்பான் இவன். முதல்முறை வாய் தவறி வந்தது. பிறகு அதுவே வசதியாகப் போய்விட்டது.

தம்பியின் சாவை அவன் பார்த்தது போனில்தான், அழுக்குத்துணி மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து. விசாவைப் புதுப்பிக்க ஹோட்டல்காரர்கள் அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. அங்கே தூக்குகிற நேரத்தில் இங்கே இடைவேளை முடிந்து மணி அடித்தது. போனை அணைத்துவிட்டுப் போய் முனையைப் பிடித்தான். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. தம்பி போய்விட்டான் என்று வாயைத் திறந்து ஒருமுறை சொன்னது கிடையாது. சொல்லாதவரை அது பாதிதான் நடந்திருக்கிறது என்று ஒரு கிறுக்குக் கணக்கு. அம்மாவிடம்கூட மாத்திரை, மழை, சாப்பாடு என்று சுற்றிச்சுற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவான். அவளும் வற்புறுத்தவில்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு நடனப்பள்ளியின் பயிற்சி அறையில். ஊரில் மைதானம் கொள்ளாத கூட்டத்தைப் பார்த்த குழு. இங்கே ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் இருபது காலி. நல்லவேளை, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்ததால் முப்பது பேர் நூறு பேராகத் தெரிந்தார்கள். பாடகர் தாடிக்காரருக்குத் தாடி வெளுத்திருந்தது. டிரம்ஸ்காரரின் தொப்பை அவருக்கு முன்னால் மேடையேறியது.

இந்தக் குழு பேர் வாங்குவதற்கு முன்பு, ஒலியைச் சரிபார்க்கத் தனி ஆள் வைக்க வழியில்லாத காலத்தில், அந்த வேலையைச் செய்தது அண்ணனும் தம்பியும்தான். பெரியவன் மேடைக்குக் கீழே நிற்பான், சின்னவன் கடைசிச் சுவரோரம். "சின்னவனே, கேக்குதா?" என்பார் தாடிக்காரர் மைக்கில். அவன் வலதுகையைத் தூக்கினால் சரி. இடதுகையைத் தூக்கினால் வார்த்தை புரியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டால், டிரம்ஸ்காரர் உயிரை எடுக்கிறார் என்று அர்த்தம். அவன் வலதுகை உயராமல் முதல் பாட்டு ஆரம்பித்ததே இல்லை.

தாடிக்காரர் முன்வரிசையில் பெரியவனைக் கண்டுபிடித்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பழக்கதோஷம், பார்வை நேராகக் கடைசிச் சுவருக்குப் போனது. "சின்னவனே, கேக்குதா?" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவனும் திரும்பினான். அதுதான் கொடுமை. ஒரு நொடி நிஜமாகவே தேடினான்.

"எங்கடா அவன்?"

"ஊர்லண்ணே. வேலைல இருக்கான்."

"சரி, அவனுக்கும் சேர்த்து நீயே கேளு" என்று சொல்லிவிட்டு அவர் ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். எல்லாப் பாட்டும் பெரியவனுக்கு மனப்பாடம், ஆனால் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. ஓடிப்போய்விடலாமா என்று நாலைந்து தடவை தோன்றியது. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைக்கட்டுமா என்று ஓர் அம்மா கேட்டதற்கு, ஆள் வருது என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகு எழுந்துபோகவும் முடியவில்லை.

முடிந்ததும் தாடிக்காரர் இறங்கிவந்து தோளைக் கட்டிக்கொண்டார். "உன் தம்பி நம்பர் இன்னும் எங்கிட்ட இருக்கு. ரெண்டு வார்த்தை திட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"வேணாண்ணே, பிசியா இருப்பான்" என்று பெரியவன் சொல்வதற்குள் மணி போய்க்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். சின்னவனின் போனை அம்மா அணைக்கவிடவில்லை. தினமும் சார்ஜ் போட்டுத் தன் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள்.

"ஹலோ?"

"யாரு, அம்மாவா? நான்தாம்மா, கச்சேரி தாடி. சின்னவன் வேலை முடிஞ்சு வந்துட்டானா?"

"வேலையா?"

"ஆமாம்மா, பெரியவன்தான் சொன்னான். இதோ பக்கத்துலதான் நிக்கிறான்."

பெரியவன் போனை வாங்கக் கையை நீட்டினான்.

"இன்னும் வரலப்பா" என்றாள் அம்மா. குரல் பிசிறவில்லை. "வர நேரமாகும். வந்தா நீங்க விசாரிச்சீங்கன்னு சொல்றேன்."

பெற்றவள். கடைசியாக அவன் முகத்தைத் துடைத்துவிட்டு அனுப்பிவைத்தவள். தினம் விடிந்தால் அந்த வெறும் கட்டிலைப் பார்ப்பவள். மூத்தவன் நாலு பேர் முன்னால் தலைகுனியக்கூடாது என்பதற்காக, செத்த பிள்ளை வருவான் என்று தன் வாயால் சொல்கிறாள். பெரியவன் தாங்கினது அதுவரைதான்.

"அம்மா, நீ சொல்லாத" என்றான். பிறகு தாடிக்காரரைப் பார்த்தான். "அவன் செத்துட்டாண்ணே. பதினாலு மாசமாச்சு. காய்ச்சல்னு படுத்தான், நாலே நாள். நான் போகல. என்னால போக முடியல."

சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, பெரிய ஆம்பிளை, ஊளையிட்டு அழுதான். டிரம்ஸ்காரர் கூடவே உட்கார்ந்து முதுகைத் தடவினார். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற தாடிக்காரர், போனை வாயருகே கொண்டுபோய், "அம்மா, மன்னிச்சிடுங்க. தெரியாம கேட்டுட்டேன். நான் அப்புறமா கூப்பிடுறேன்" என்றார்.

"வைக்காதீங்கப்பா" என்றாள் அம்மா. "அவன் அழட்டும். இத்தன நாளா நான் ஒருத்தியாத்தான் அழுதுட்டு இருக்கேன்."