இரண்டாயிரத்து நாலின் அன்னாசி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் பேசினார். சுனாமி வந்து பத்து வருடம் ஆகப்போகிறது, போர்ட் பிளேரிலிருந்து எழுதுகிறவர் என்று எங்கள் கைவசம் இருப்பது நீங்கள் ஒருவர்தான், ஒரு கதை வேண்டும் என்றார்.

"மனசைப் பிழியணும் மேடம்."

துவைத்த துணியைப் பற்றிச் சொல்வதுபோல அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன், ஏனென்றால் என்னிடம் ஒரு கதை இருந்தது. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில், என் பக்கத்து வீட்டில் ஒரு தாய், ஒரு மகன், பத்து வருடமாகத் திறக்காத ஒரு வைன் பாட்டில்.

"வைனா? யாரு, ரிசார்ட் ஓனரா?"

ரப்பர் பால் வெட்டியவர் என்றேன். அவர் உடனே, அப்படியென்றால் அதைக் கள் என்று மாற்றிவிடலாமா, வாசகர் நம்புவதற்கு வசதியாக இருக்கும் என்றார். மாற்றமாட்டேன் என்றேன். எங்கள் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அலை வடிந்த பிறகு, மணலுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. நீலாவதி மண்டியிட்டு, நடுங்கும் கைகளால்

வேண்டாம். நீலாவதி யார் முன்னாலும் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. பாட்டில் மணலுக்குள் கிடக்கவும் இல்லை. ஆசிரியருக்குப் பிடிக்குமே என்று எழுதினேன், எழுதும்போதே கூசியது.

இரண்டாவது முயற்சி:

கச்சால் தீவின் பச்சைப் பசேலென்ற கரையோரம்

இதை எழுத சுற்றுலாத் துறையில் ஆள் இருக்கிறார்கள்.

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீலாவதியின் குடும்பம் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அங்கே பால் வெட்டினார். அங்கேயே காத்தமுத்துவைக் கட்டிக்கொண்டார். ரப்பர் வரிசைகளுக்கு நடுவில் அன்னாசி போட்டிருந்தார்கள். கப்பல் வராத வாரங்களில் பழம் கேட்பாரற்றுக் கிடந்து அழுகும். அது காத்தமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் இலங்கையில், ஹட்டனில், அவருடைய தாயார் வேலை பார்த்த கத்தோலிக்க வீட்டில், கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவதைப் பார்த்திருந்தார். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு அன்னாசியை நசுக்கி, சீனியும் ஈஸ்டும் சேர்த்து, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைத்தார். அதன்பின் வருடா வருடம் ஜூன் மாதத்தில் வைன் போடுவது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் அந்த வருடமே குடித்துத் தீர்த்துவிடுவார்கள், ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வைப்பார்கள்.

(பழ வைன் இத்தனை வருடம் தாங்குமா என்று கேட்கிற வாசகர் தயவுசெய்து நீலாவதியிடம் கேட்கவும். நான் கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்கிறவர் யாரிடமும் கேட்காமல் இருப்பது உத்தமம்.)

3

வைனைக் குளிர்ந்த இருட்டில் வைக்கவேண்டும். அது தெரிந்த விஷயம்தான். காத்தமுத்து அதைப் புகைக்கூண்டில் வைத்தார். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக இழுத்து, கொடியில் துணி போடுவதுபோல் போட்டு, கீழே விறகு மூட்டிக் காயவைக்கிற கட்டடம் அது. உள்ளே நின்றால் கண் எரியும், சட்டை நனைந்துவிடும். ஷீட்டுக்கு எது நல்லதோ அதுதான் வைனுக்கும் நல்லது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ரப்பர்காரரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றாது. பழைய ரம் பாட்டில்களில் ஊற்றி, மூடியோடு கழுத்தை ரப்பர் பாலில் முக்கி, ஆசிட் விட்டு உறையவைத்துச் சீல் வைத்தார். சீல் காய்ந்ததும் கழுத்தில் தோல் போர்த்தியதுபோல் இருக்கும். அதை மேல் தட்டில், கூரைக்குப் பக்கத்தில், புகை நன்றாகப் பிடிக்கிற இடத்தில் வரிசையாக நிறுத்தினார்.

பின்னாளில் நீலாவதி வீட்டில் முதல் வாய் குடித்தபோது, பழக்கூடையோடு டயர் கடைக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது எனக்கு. இரண்டாவது வாயில் டயர் கடை போய்விட்டது. கருகிய சீனி, அன்னாசிச் சக்கை, கொஞ்சம் உப்பு, நாக்கின் ஓரத்தில் விறகுப் புகை. அதற்குப் பிறகு கடையில் வாங்குகிற வைன் எதுவும் எனக்கு ருசிக்கவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

அந்தத் தப்புதான் பாட்டில்களைக் காப்பாற்றியது. புகைக்கூண்டு மேட்டில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காத்தமுத்து மீன் வாங்கக் கரைக்கு இறங்கியிருந்தார். அவர் உடல் கிடைக்கவில்லை.

[அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் இந்தக் கதையில் வராது. ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார், நான் தரவில்லை. இப்போதும் தரமாட்டேன்.]

4

போர்ட் பிளேரில் படித்துக்கொண்டிருந்த மகன் சுரேந்திரன் தாயை அழைத்து வந்துவிட்டான். அவர் கொண்டுவந்த சாமான் ஒரு கோணிச்சாக்குதான். கப்பலில் அதை மடியைவிட்டு இறக்கவில்லை என்று சொல்வார். அதற்குள் பாட்டில்கள். காத்தமுத்து லேபிள் ஒட்டியதில்லை, தட்டில் நின்ற வரிசைதான் கணக்கு. சாக்கில் போட்டதும் வரிசை குலைந்துபோனது. இரண்டாயிரத்து நாலில் போட்டது மட்டும் சதுரப் பாட்டில், அதை யாரும் மறக்க வழியில்லை.

ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் ஊர் நினைவுச் சின்னத்துக்குப் போகும்போது, நீலாவதி ஒரு பாட்டிலைத் திறப்பார். கச்சாலில் அவரோடு பால் வெட்டிய தங்கம்மா, இப்போது நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் இருப்பவர், பஸ் பிடித்து வந்துவிடுவார். மூன்றாவது ஆள் நான். விதி ஒன்றுதான். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக்கூடாது. வாயில் வைத்து, அது எந்த வருடம், அந்த வருடம் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். கச்சாலில் இருந்த காலத்திலேயே பழைய பாட்டில் உடைக்கும்போது காத்தமுத்து வைத்த விதி அது. நான் அங்கே வாழ்ந்தவள் இல்லை என்பதால், கேட்கிற வேலை மட்டும் எனக்கு.

ஒரு வருடம் இப்படி நடந்தது:

"இதுல சீனி இல்ல, வெல்லம்" என்றார் தங்கம்மா. "கப்பல் மாசக்கணக்கா வரலியே, அந்த வருசம். மண்ணெண்ணெயும் இல்ல. இருட்டுல சோறு தின்னோம்."

"சும்மா கதைக்காத. இது சீனிதான். சுரேந்திரன் ஸ்கூல்ல பிரைஸ் வாங்கின வருசம்."

"பிரைஸ் வாங்கினானா, அவனா? எதுக்கு?"

"ஓட்டத்துக்கு."

"ஓட்டத்துல என் மகதான் ஃபர்ஸ்ட்டு. ஒன் மகன் விழுந்தில்ல எந்திரிச்சான்."

நீலாவதி ஒரு வாய் குடித்து, யோசித்து, "அச்சா, அப்ப வெல்லம்தான்" என்றார்.

(நீலாவதி பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். அவருக்கு ஞானி வேஷம் கட்டி எழுதும்படி ஆசிரியர் கேட்டார். இந்த வரி அதற்கான பதில்.)

5

இப்போது நான் சந்தேகப்படுகிற பாத்திரத்துக்கு வருகிறேன். சுரேந்திரன்.

முதல் பிரதியில் அவனை வில்லனாக்கி வைத்திருந்தேன். மின்சாரத் துறையில் வேலை கிடைத்ததும் கௌரவம் பார்க்க ஆரம்பித்தவன், தாய் குடிக்கிறாள் என்று தலைகுனிகிறவன். எழுத எளிதாக இருந்தது. ஆனால் அவன் அப்படி இல்லை. தாய்க்கு வெந்நீர் போட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற பையன். ஒவ்வொரு டிசம்பரிலும் தாய் பாட்டிலைத் திறக்கும்போது, அவன் பூவும் சூடமும் தேங்காயும் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவான். உடல் கிடைக்காத தகப்பனுக்கு அவனுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். பத்து வருடத்தில் ஒருநாளும் அவன் எங்களோடு உட்கார்ந்ததில்லை, எங்களைத் தடுத்ததும் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினாலில் மிச்சம் இருந்தது சதுரப் பாட்டில் மட்டும். அப்போதுதான் அவன் வாய் திறந்தான். நான் அவர்கள் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, பத்து வருசம் ஆச்சு. இத இந்தத் தடவ கடல்ல ஊத்திடலாம். அப்பா கையால போட்டது, அப்பாவுக்கே போய்ச் சேரட்டும்."

"கடலுக்கா?"

"அப்பாவுக்கு."

"ஒங்கப்பாவுக்கும் அந்தத் தண்ணிக்கும் என்னா சொந்தம்? அது என்கிட்ட எடுத்தது போதும். இதுல ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்."

"அப்ப நீங்க குடிப்பீங்களா? அப்பா செத்த வருசத்த?"

நீலாவதி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை.

"தம்பி, அந்த வருசத்துல நீ ஒரு நாளத்தான் வச்சிருக்க. மத்ததெல்லாம் இந்தப் பாட்டில்ல இருக்கு. இது ஜூன்ல போட்டது. அப்ப ஒங்கப்பா உசிரோட இருந்தாரு. லீவுல நீயும் வந்திருந்த தானே? பழம் நீதான் நசுக்கின."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"அதான். எனக்குத் தெரியும், நீ அத விட்டுட்ட. நா ஒத்தையா குடிச்சா எனக்கு மட்டும்தான் வெளங்கும். அதுக்குத்தான் இத்தனை வருசம் தொடாம வச்சிருக்கேன். நீ வாயில வச்சிச் சொல்லணும்."

எனக்கு அழுகை வந்தது, மீனைச் சாக்காக வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் கடலுக்குப் போனால், அந்தப் பையனிடம் மிஞ்சுவது மூழ்கிப்போன ஒரு தகப்பன் மட்டும்தான். சிரித்த தகப்பன் அந்தச் சதுரக் கண்ணாடிக்குள் இருந்தார், அவரை வெளியே எடுக்க வேறு பாட்டில் கிடையாது.

6

முடிவுகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் முடிவு: தாய் மனம் இளகுகிறாள். தாயும் மகனும் கடற்கரையில் நிற்கிறார்கள். வைன் நீரில் கலக்கிறது. ஒரு சின்ன அலை வந்து அவள் பாதத்தைத் தொட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல்

ஆசிரியர் கேட்ட முடிவு இதுதான், அவர் கொடுத்த வாக்கியம் அது. இதை எழுதினால் நீலாவதி என் வீட்டுக்கு வந்து அடிப்பார், அடிக்கட்டும் என்று நானும் நிற்பேன்.

இரண்டாவது: திறந்தால் வினிகர். எல்லாம் வீண். இலக்கியப் பத்திரிகைகள் இதை விரும்பிப் போடும். ஏழைக்கு ஏதாவது மிஞ்சிவிட்டால் சிலருக்குக் கதையே சப்பென்று ஆகிவிடுகிறது.

மூன்றாவது: திறந்தால் அமிர்தம். டெல்லியிலிருந்து வைன் நிபுணர் ஒருவர் வந்து, கண்ணை மூடி

நிபுணர் போகட்டும். கப்பலில் அவருக்கு டிக்கெட் இல்லை. அதை நானே பார்த்துக்கொள்வேன்.

7

நடந்ததைச் சொல்கிறேன், முடிந்த இடம் வரைக்கும்.

டிசம்பர் இருபத்தாறு, காலை. தங்கம்மா முந்தின நாளே வந்துவிட்டார். நீலாவதி சமையலறைத் தரையில் நான்கு எவர்சில்வர் டம்ளர்களை வைத்தார். நான்காவது யாருக்கென்று யாரும் கேட்கவில்லை. சுரேந்திரன் தேங்காய்ப் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பாட்டிலை விட்டுப்போட்டுத்தான் போகிறான், தாயோடு பிடிவாதம் பிடிக்க அவனுக்கு வராது.

நீலாவதி பால்வெட்டும் கத்தியை எடுத்து, ரப்பர் சீலை ஒரே சுற்றில் உரித்தார். மூடி இறுகியிருந்தது. தங்கம்மா முந்தானையால் பிடித்துத் திருக, அது சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. அந்த மணம் வாசல் வரைக்கும் போயிருக்கவேண்டும், ஏனென்றால் செருப்புச் சத்தம் நின்றது.

மூவரும் குடித்தோம். விதிப்படி முதலில் சொல்லவேண்டியவர் தங்கம்மா. அவர் வாயில் வைத்திருந்ததை மெதுவாக விழுங்கினார்.

"எனக்கு வருது. ஆனா சொல்ல மாட்டேன். இது அவன் முறை."

"வரமாட்டான்" என்றார் நீலாவதி. வாசலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார், அது கெஞ்சல் இல்லை. "அவனுக்கு அப்பான்னா கடல்தான்."

கொஞ்ச நேரம் கழித்துச் சுரேந்திரன் உள்ளே வந்து பையைத் தரையில் வைத்தான். நான்காவது டம்ளரை எடுத்தான். முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் எடுத்து, நாங்கள் சொல்லிக்கொடுக்காமலே, விழுங்காமல் வாயில் வைத்திருந்தான். அவனுடைய மற்றக் கை தானாக மேலே வந்தது, அதன் உள்ளங்கையைப் பார்த்தான்.

விழுங்கினான்.

"அந்த வருசம் ஜூன்ல," என்றான், "அப்பாவும் நானும்

8

(பூவும் சூடமும் சாயங்காலம் கடலுக்குப் போயின. அது அவனுடைய உரிமை, நீலாவதியும் கூடப் போனார், ஆனால் கால் நனைக்கவில்லை. தேங்காய் மதியமே சட்னியாகிவிட்டது.)

அவன் சொன்னது எனக்குத் தெரியும். நீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும், தங்கம்மா, "அவரு அப்படித்தான், அவரு அப்படித்தான்" என்று தொடையில் தட்டியதும் தெரியும். எழுதமாட்டேன். வைன் எப்படி இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்வது விதிக்கு விரோதம்.

கதையை ஆசிரியருக்கு அனுப்பினேன். சுனாமி எங்கே மேடம் என்று கேட்டார். அதைத்தான் ஊரெல்லாம் பத்து வருடமாக எழுதிவிட்டதே, அந்த வருடத்தில் மற்ற மாதங்களும் இருந்தன என்றேன். கதை அவர் பத்திரிகையில் வரவில்லை. அதனால்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஐந்தாவது டம்ளர் உங்களுடையது. சுரேந்திரன் தொடங்கிய வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். பழம் நசுக்கலாம், அன்னாசி முள் கையில் குத்தலாம், மழை வரலாம், காத்தமுத்து என்ன வேண்டுமானாலும் பேசலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. அது ஜூன் மாதம், அவர் உயிரோடு இருக்கிறார், உங்கள் வாக்கியத்தில் கடல் வரக்கூடாது.