பதினைந்தாவதாக வரும் பூனை

அந்தத் தெருவில் பூனைக்குக் கூண்டு வைத்தால், வைத்தவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்தான் முதலில் விழுவார்கள். பூனை கடைசியில்தான் வரும்.

சூசைமாணிக்கத்தின் பூனை வெள்ளச்சி வீட்டைவிட்டுப் போய் ஆறு நாளாகிவிட்டது. மீன் துண்டை எடுத்ததற்கு விளக்குமாற்றைத் தூக்கினார், அன்று போனதுதான். மனைவி இறந்த பிறகு அவரோடு உட்கார்ந்து சாப்பிட அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது. விலங்குக் காப்பகத்துப் பிலோமினா கம்பிக் கூண்டோடு வந்தாள்.

"எத்தனை பேரோட பேச்சில்ல, ஐயா?"

"பதினாலு."

"அப்ப பூனை பதினஞ்சாவது. அடியில பேப்பர் விரிங்க, நிழல்ல வைங்க. யாரு விழுந்தாலும் உடனே துணியப் போர்த்துங்க, அதட்டாதீங்க. நல்லதா ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் தொறக்கணும். இல்லேன்னா அவங்களேதான் மறுபடி விழுவாங்க."

நெத்திலிக் கருவாட்டையும் தன் அழுக்கு பனியனையும் உள்ளே வைத்தார். முதல் நாள் தையல்காரர் விழுந்தார். இவருடைய கல்யாணச் சட்டையைக் குட்டையாகத் தைத்தவர். முழங்காலைக் கட்டிக்கொண்டு கருவாடு தின்றுகொண்டிருந்தார்.

"காலர் நல்லாத்தான் இருந்துச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, சூசைமாணிக்கம் கதவைத் திறந்தார்.

பிறகு சம்பந்தி வந்தார். கோயில் கமிட்டிக்காரர்கள் நாளுக்கு ஒருவராக வந்தார்கள். பதினாலாவது ஆள் தம்பி அடைக்கலம். பத்திரிகையில் அண்ணன் பெயரை விட்டுவிட்டுக் கல்யாணம் நடத்தி, பத்தொன்பது வருஷம். அண்ணன் வாயில் நல்ல வார்த்தை வராததால் நாலு நாள் அவனே விழுந்தான். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. வெள்ளச்சிக்கு மழை ஆகாது.

"கருவாடு போதுமாடா?" என்றார் சூசைமாணிக்கம்.

"முள்ளு ஜாஸ்திண்ணே" என்று சொல்லிவிட்டு அடைக்கலம் நனைந்துகொண்டே போனான்.

மறுநாள் கூண்டு காலியாக இருந்தது. தேடிக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு கூண்டு. உள்ளே, இலையில் சோறும் அவருக்குப் பிடித்த மொச்சைக் குழம்பும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். கதவு சத்தமில்லாமல் விழுந்தது. மேலே துணி விழுந்தது.

வெளியே பிலோமினாவின் குரல் கேட்டது. "எத்தனை பேரோட பேச்சில்ல?"

"ஒருத்தர்தான்" என்றது வெள்ளச்சி. "தேடுறதும் அவரைத்தான்."

"அப்ப ரெண்டு தடவை விழணும். இன்னைக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிடு. நாளைக்கு வர்றவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

சூசைமாணிக்கம் இலையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குழம்பில் உப்பு குறைவு. அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.